செராமிக்கும் ரெசின் சிமென்ட்டும்: ஒட்டுவதற்கு முன் கேட்கும் கேள்விகள்

கிரவுன் (பல்லை முழுக்க மூடும் கேப்), வெனீர் (பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய தகடு), இன்லே (பல்லின் குழிக்குள் பொருந்தும் துண்டு) ஒட்டப் பழகும் ஜூனியர் பல் டாக்டர்கள், இவற்றைச் செய்து தரும் லேபில் வேலை செய்பவர்கள், கழன்ற கேப்பைத் தாளில் மடித்து எடுத்துவரும் நோயாளிகள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டபடியே போட்டிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது, பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுக்கொண்டுதான் போகும்.

நல்ல சிமென்ட்டா பார்த்து வாங்கிட்டா போதாதா? மேற்பரப்புக்கு ஏன் இத்தனை பாடு?

போதாது. ரெசின் சிமென்ட் (பிளாஸ்டிக் போல இறுகும் ஒட்டுப் பொருள்) வழவழப்பான செராமிக்கில் தானாக ஒட்டாது. பழைய ஜிங்க் பாஸ்பேட் சிமென்ட்டும் ஒட்டியதில்லை. அது இடுக்கை நிரப்பியது, அவ்வளவுதான். செதுக்கிய பல்லின் உயரமும் சுவர்களின் சாய்வும்தான் கிரவுனைப் பிடித்து வைத்தன. வெனீருக்கு அப்படிப் பிடித்துக்கொள்ளச் சுவரே கிடையாது. அரை மில்லிமீட்டர் தகடு ஒரு பக்கம், கிட்டத்தட்டத் தட்டையான எனாமல் (பல்லின் கெட்டியான வெளி அடுக்கு) இன்னொரு பக்கம், நடுவில் சிமென்ட். அங்கே ஒட்டு போனால் எல்லாமே போச்சு.

எனாமலை அமிலத்தால் சொரசொரப்பாக்கி ரெசினைப் பிடிக்க வைக்கலாம் என்று புயோனோகோர் 1955-இல் காட்டினார். செராமிக் பக்கமும் அதே மாதிரி அமிலத்தால் அரித்து ஒட்டலாம் என்று சிமன்சனும் காலாமியாவும் காட்டியது 1983-இல். அதற்குப் பிறகுதான் ஒட்டை மட்டுமே நம்பி நிற்கும் மெல்லிய வெனீர்கள் பரவின.

எல்லா செராமிக்குக்கும் ஒரே முறைதானே?

இல்லை. பாதிப் பிரச்சினை இந்த நினைப்பில்தான் ஆரம்பிக்கிறது. முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இதில் கண்ணாடி இருக்கிறதா? ஃபெல்ட்ஸ்பார் போர்சலின், லூசைட் கலந்தது, லித்தியம் டைசிலிகேட் ஆகியவற்றில் சிலிக்கா நிறைந்த கண்ணாடிப் பகுதி உண்டு. ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் (இனிமேல் எச்.எஃப்.) அதைக் கரைத்துக் குழி போடும், பிறகு சிலேன் (செராமிக்கையும் ரெசினையும் இணைக்கப் பூசும் திரவம்) வேலை செய்யும். ஜிர்கோனியாவில் கண்ணாடி இல்லை, முழுக்கப் படிகம். அதன் வழியே வேறு.

ஒரு இடத்தில் பலரும் தடுக்கி விழுகிறார்கள். ஜிர்கோனியாவின் மேல் போர்சலின் அடுக்கிய கிரவுன் வெளியில் பார்க்கக் கண்ணாடிதான். ஆனால் சிமென்ட் தொடுவது உள்பக்கத்தை, அது ஜிர்கோனியா. நிறத்தைப் பார்த்து ஊகிக்காதீர்கள். லேப் சீட்டில் பொருளின் பெயர் இல்லையென்றால் போன் போட்டுக் கேளுங்கள்.

எச்.எஃப். எத்தனை சதவீதம், எத்தனை விநாடி?

லித்தியம் டைசிலிகேட்டுக்கு 5 சதவீத ஜெல், 20 விநாடி. லூசைட் கலந்ததற்கு அதே ஜெல், 60 விநாடி. ஃபெல்ட்ஸ்பார் போர்சலினுக்கு 5 முதல் 10 சதவீதம் வரை பழக்கத்தில் இருக்கிறது, நேரம் பெரும்பாலும் 60 விநாடியை ஒட்டி வரும். தயாரிப்பாளர் தாளில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

லேபில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நீல நிறத்தில் மில்லிங் செய்யும் (இயந்திரத்தில் கடைந்தெடுக்கும்) லித்தியம் டைசிலிகேட் பிளாக்கை உலையில் வைத்துப் படிகமாக்கிய பிறகுதான் எச் செய்ய (அமிலத்தால் அரிக்க) வேண்டும். நீலமாக இருக்கும்போது அது இன்னும் வேறு பொருள்.

20 விநாடி ரொம்பக் கம்மியா தோணுது. ஒரு நிமிஷம் வச்சா பிடிப்பு கூடும்தானே?

தோன்றத்தான் செய்யும். லித்தியம் டைசிலிகேட்டில் கிட்டத்தட்ட 70 சதவீதம் ஊசி ஊசியான படிகங்கள், அவற்றைச் சுற்றிக் கொஞ்சம் கண்ணாடி. அமிலம் கண்ணாடியை மேலோட்டமாகக் கரைத்தால் ஊசிகள் தலை நீட்டி நிற்கும், ரெசின் நடுவே இறங்கிப் பூட்டிக்கொள்ளும். நேரம் நீண்டால் ஊசிகளின் காலடியில் இருக்கும் கண்ணாடியும் கரைந்துவிடும். காலில்லாத ஊசியைப் பிடித்துக்கொண்டு ரெசினுக்கு என்ன பயன்? மெல்லிய வெனீராக இருந்தால் துண்டின் வலுவே குறையும்.

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. லித்தியம் டைசிலிகேட்டுக்குப் பழகிய கை, ஃபெல்ட்ஸ்பார் வெனீரையும் 20 விநாடியில் கழுவிவிடும். அது போதாது. கடிகாரத்தைப் பார்த்துச் செய்யுங்கள், மனக்கணக்கு வேண்டாம்.

கழுவிக் காய வச்சதும் நல்லா வெள்ளையா சுண்ணாம்பு பூசின மாதிரி ஆச்சு. அப்ப எச்சிங் சரியா வந்திருக்குன்னு அர்த்தமா?

இதற்குக் கொஞ்சம் நிதானமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் கண்ணை ஏமாற்றும் இடம் இதுதான். சரியாக அரித்த மேற்பரப்பு மங்கலாக, பனி படிந்த கண்ணாடி மாதிரி சீராக இருக்கும். அடர்ந்த வெள்ளை வேறு விஷயம். எச்.எஃப். சிலிக்காவைக் கரைக்கும்போது செராமிக்கில் இருக்கும் சோடியம், பொட்டாசியம், கால்சியம், அலுமினியம் ஆகியவை ஃப்ளோரைடு உப்புகளாகிக் குழிகளுக்குள்ளேயே படிகின்றன. தண்ணீரில் எளிதாகக் கரையாத உப்புகள் இவை. கண்ணுக்கு அதுவும் வெள்ளை, எச்சிங்கும் வெள்ளை. ஃபெல்ட்ஸ்பார் போர்சலினில் இந்தப் படிவு அதிகம்.

படிவின் மேல் சிலேன் பூசினால், ஒட்டடை தட்டாத சுவருக்கு வெள்ளையடித்த கதைதான். அப்புறம் என்ன செய்வது? எச்.எஃப்.பை நன்றாகக் கழுவிய பிறகு அல்ட்ராசோனிக் தொட்டியில் வடிநீரிலோ ஆல்கஹாலிலோ சில நிமிடம் போடுங்கள். தொட்டி இல்லையென்றால் 37 சதவீத பாஸ்போரிக் அமிலத்தை மைக்ரோபிரஷ்ஷால் ஒரு நிமிடம் தேய்த்துக் கழுவுங்கள். பாஸ்போரிக் அமிலம் இங்கே செராமிக்கை அரிப்பதில்லை, அழுக்கை எடுக்கிறது. இதைச் செய்து காய வைத்தால் அந்தக் கெட்டி வெள்ளை இறங்கி, சீரான மங்கல் மட்டும் தெரியும். இரண்டையும் ஒரு முறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பிறகு மறக்காது.

சிலேன் என்ன செய்யுது? அதுவும் ஒரு பசைதானா?

பசை இல்லை, இரு கை கொண்ட தரகர் மாதிரி ஒரு மூலக்கூறு. பல் மருத்துவத்தில் வழக்கமாகப் பயன்படுவது மெத்தாக்ரிலாக்ஸிபுரோபைல் டிரைமெத்தாக்ஸிசிலேன். இதன் ஒரு முனையில் உள்ள மூன்று மெத்தாக்ஸி குழுக்கள் தண்ணீரோடு வினைபுரிந்து சிலனால் ஆகி, செராமிக்கின் சிலிக்காவோடு சிலாக்ஸேன் பிணைப்பு போடும். மறுமுனையில் உள்ள மெத்தாக்ரிலேட், ரெசினோடு சேர்ந்து இறுகும்.

வேலை நடந்ததா என்று ஒரு சொட்டுத் தண்ணீர் சொல்லிவிடும். அரித்துச் சுத்தம் செய்த செராமிக்கில் தண்ணீர் விழுந்தவுடன் பரவி மறையும். சிலேன் பூசிக் காய்ந்த பிறகு அதே சொட்டு உருண்டு நிற்கும். சோதனைத் துண்டில் செய்து பாருங்கள், நோயாளிக்குப் போகும் துண்டில் வேண்டாம்.

சிலேனை ரெண்டு மூணு கோட் தாராளமா பூசினா நல்லதுதானே? ஹேர் டிரையர் காட்டச் சொல்றாங்க, அது எதுக்கு?

தாராளம் வேண்டாம். செராமிக்கைத் தொட்டு நிற்கும் முதல் அடுக்குதான் உறுதியாகப் பிணைகிறது. அதற்கு மேல் சேருவதெல்லாம் தளர்வான படலம், தண்ணீர் நுழைய வழி விடும் இடம். மெல்லிதாகப் பூசி, ஒரு நிமிடம் விட்டு, எண்ணெய் கலக்காத காற்றால் உலர்த்துங்கள். சூடு எதற்கென்றால், ஆல்கஹாலும் தண்ணீரும் வெளியேறவும், பிணைப்பு வினை முன்னேறவும். லேபில் 100 டிகிரி செல்சியஸ் அளவில் ஒரு நிமிடம் வைப்பது உண்டு. கிளினிக்கில் வெதுவெதுப்பான காற்று ஓரளவு அந்த வேலையைச் செய்யும்.

சிலேன் பாட்டில் கெட்டுப்போச்சுன்னு எப்படித் தெரியும்?

கலங்கியிருந்தால் தூக்கிப் போடுங்கள். ஒரே பாட்டிலில் வரும் சிலேன் ஏற்கெனவே நீராற்பகுக்கப்பட்டது. மூலக்கூறுகள் செராமிக்குக்குக் காத்திருக்காமல் தங்களுக்குள்ளேயே கை கோத்துக்கொண்டே இருக்கும். அது முற்றினால் திரவம் பாலாகும். ஆனால் தெளிவாக இருப்பதாலேயே நல்லது என்று சொல்லவும் முடியாது. திறந்த தேதியைப் பாட்டிலில் எழுதி வையுங்கள், மூடியைத் திறந்து போட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருக்காதீர்கள். இரண்டு பாட்டில் முறையில் அவ்வப்போது கலப்பதால் இந்தக் கவலை குறைவு.

ஜிர்கோனியாவுக்கும் கொஞ்சம் எச்.எஃப். வச்சுப் பார்த்தா என்ன?

ஒன்றும் ஆகாது, அதுதான் பிரச்சினை. கிளினிக்கில் நாம் வைக்கும் செறிவிலும் நேரத்திலும் கரைவதற்கு அங்கே கண்ணாடி இல்லை. வெறும் சிலேனுக்கும் பிடிக்கச் சிலிக்கா இல்லை. அதனால் இரண்டு வேலை: 50 மைக்ரான் அலுமினா தூளால் சாண்ட்பிளாஸ்ட் (தூளைக் காற்றழுத்தத்தில் அடித்துச் சொரசொரப்பாக்குவது), பிறகு எம்.டி.பி. உள்ள பிரைமர் (சிமென்ட்டுக்கு முன் பூசும் திரவம்). 10-மெத்தாக்ரிலாயிலாக்ஸிடெசில் டைஹைட்ரஜன் பாஸ்பேட் என்பதன் சுருக்கம்தான் எம்.டி.பி. இதுவும் இரு கை மூலக்கூறே. பாஸ்பேட் முனை ஜிர்கோனியாவின் ஆக்சைடைப் பிடிக்கும், மெத்தாக்ரிலேட் முனை ரெசினைப் பிடிக்கும். நடுவில் 10 கார்பன் கொண்ட, தண்ணீரை வெறுக்கும் சங்கிலி. வருடக்கணக்கில் ஒட்டு நிற்பதற்கு அந்தச் சங்கிலியும் ஒரு காரணம்.

1998-இல் கெர்ன், வெக்னர் இருவரும் ஜிர்கோனியாவில் பல முறைகளால் ஒட்டிய துண்டுகளை 150 நாள் தண்ணீரில் வைத்து, இடையே சூடு, குளிர் என்று மாற்றி மாற்றிச் சோதித்தார்கள். தாக்குப்பிடித்தது சாண்ட்பிளாஸ்ட்டும் எம்.டி.பி. உள்ள ரெசினும் சேர்ந்த கூட்டணி. இன்னொரு வழி, சிலிக்கா பூசிய அலுமினா தூளை அடித்து ஜிர்கோனியா மேல் சிலிக்காவைப் பதித்து, பிறகு சிலேன் போடுவது. அதுவும் நடைமுறையில் இருக்கிறது.

சாண்ட்பிளாஸ்ட் பண்ணினா ஜிர்கோனியாவுல விரிசல் விழாதா?

அடிக்கிற அடியைப் பொறுத்தது. 1 முதல் 2 பார் அழுத்தம், சுமார் 10 மில்லிமீட்டர் தூரம், 10 முதல் 15 விநாடி, நாசிலை ஒரே இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருங்கள். ஒளி அதிகம் ஊடுருவும் புதிய வகை ஜிர்கோனியா பழைய வகையைவிட வலுக் குறைந்தது. அதில் 1 பாருக்கு மேல் நான் போவதில்லை. எங்கே அடித்தோம், எங்கே விட்டோம் என்று தெரியாமல் கூடுதலாக அடிப்பவர்கள்தான் அதிகம். உள்பக்கத்தில் மார்க்கரால் கோடு கிழித்துவிட்டு, கோடு மறைந்ததும் நிறுத்துங்கள்.

இதே ஆர்வத்தை லித்தியம் டைசிலிகேட் மேல் காட்ட வேண்டாம். அதற்கு அமிலமே போதும், அலுமினா அடி ஓரங்களைச் சில்லு சில்லாக்கும்.

ட்ரை-இன் (ஒட்டுறதுக்கு முன்னாடி வாயில வச்சுப் பொருத்தம்) பார்க்கும்போது எச்சில் பட்டுடுச்சு. பாஸ்போரிக் ஆசிட் போட்டுக் கழுவிட்டா சரியாயிடுமா?

கண்ணாடி செராமிக் என்றால் சரியாகும். மேலே சொன்ன அதே 37 சதவீத ஜெல், ஒரு நிமிடம், கழுவி உலர்த்தி சிலேன்.

ஜிர்கோனியா என்றால் அந்த ஜெல்லைத் தொடவே வேண்டாம். எம்.டி.பி. பிடிப்பது பாஸ்பேட் முனையால் என்று பார்த்தோம் இல்லையா? எச்சிலில் இருக்கும் பாஸ்பேட்டுகள் அதே இருக்கையில் முன்கூட்டியே துண்டு போட்டுவிடுகின்றன. பாஸ்போரிக் அமிலமும் அதே குடும்பம், போய் உட்கார்ந்துகொள்ளும், கழுவினாலும் முழுசாக எழுந்திருக்காது. வெறும் தண்ணீரும் ஆல்கஹாலும் போதாது. ஜிர்கோனியம் ஆக்சைடு துகள் உள்ள சுத்தம் செய்யும் பேஸ்ட்டை 20 விநாடி வைத்துக் கழுவலாம், அல்லது லேசாக மறுபடி சாண்ட்பிளாஸ்ட் செய்யலாம். இதற்கெல்லாம் இடம் கொடுக்காமல், ட்ரை-இன் முடித்த பிறகே சாண்ட்பிளாஸ்ட் செய்வதுதான் எனக்குப் பிடித்த வரிசை.

லேபிலேயே எச் பண்ணி, சிலேனும் பூசி அனுப்புறாங்க. நான் மறுபடி எல்லாம் செய்யணுமா?

எச்.எஃப். மறுபடி வேண்டாம், நேரம் கூடினால் என்ன ஆகும் என்று சொன்னேன். ஆனால் பெட்டியில் வந்த துண்டு வழியில் விரல், பிளாஸ்டர் தூசி, மெழுகு, எதை வேண்டுமானாலும் தொட்டிருக்கும். பாஸ்போரிக் அமிலத்தால் சுத்தம் செய்து, சிலேனைப் புதிதாகப் பூசுங்கள். லேப் எச் செய்ததா இல்லையா என்று சந்தேகமாக இருந்தால் கேட்டுவிடுங்கள், இரண்டு பேரும் செய்வதும் இரண்டு பேரும் விடுவதும் ஒரே அளவு நடக்கிறது.

சிலேன், எம்.டி.பி. ரெண்டும் ஒரே பாட்டிலில் இருக்குற யுனிவர்சல் பாண்ட் (எல்லாப் பரப்புக்கும்னு வர்ற ஒட்டுத் திரவம்) வச்சிருக்கேன். அது போதாதா?

ஜிர்கோனியாவுக்கு, சாண்ட்பிளாஸ்ட் செய்திருந்தால், பரவாயில்லை. கண்ணாடி செராமிக்குக்கு நான் நம்புவதில்லை. அந்தப் பாட்டில் அமிலத்தன்மை உள்ளது, தண்ணீரும் இருக்கிறது. சிலேன் பாட்டில் எப்படிக் கெடுகிறது என்று முன்பு சொன்னதெல்லாம் அங்கே இன்னும் வேகமாக நடக்கும். தனி சிலேன் பூசி, அதன் மேல் வேண்டுமானால் யுனிவர்சல் பாண்ட்.

"செல்ஃப் அட்ஹெசிவ்" சிமென்ட் வைத்திருப்பவர்களும் இதையே கேட்கிறார்கள். பல் பக்கம் தனி பாண்ட் வேண்டாம் என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். செராமிக் பக்கம் எந்தச் சலுகையும் இல்லை.

எச்.எஃப். ரொம்ப ஆபத்துன்னு சொல்றாங்களே, விரலில் பட்டா என்ன செய்யணும்?

ஆபத்துதான், ஏமாற்றும் ஆபத்து. குறைந்த செறிவில் உடனே எரியாது. பட்டதே தெரியாமல் சில மணி நேரம் கழித்து வலி ஆரம்பிக்கலாம். ஃப்ளோரைடு தோலைத் தாண்டி ஆழமாகப் போய் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். வலிக்காகக் காத்திருக்காமல் உடனே ஓடும் தண்ணீரில் நிறையக் கழுவி, 2.5 சதவீத கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லைத் தேய்த்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போங்கள். கண்ணில் பட்டால் தண்ணீரால் கழுவியபடியே அவசர சிகிச்சைக்கு. இந்த ஜெல் அலமாரியில் இல்லாத இடத்தில் எச்.எஃப். பாட்டிலும் இருக்கக் கூடாது.

வாய்க்குள் உடைந்த செராமிக்கைச் சரிசெய்ய எச்.எஃப். வைப்பதாக இருந்தால் ரப்பர் டேம் (பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மறைக்கும் ரப்பர் விரிப்பு) இல்லாமல் நினைத்தும் பார்க்காதீர்கள். அம்மோனியம் பாலிஃப்ளோரைடும் சிலேனும் சேர்ந்த, எச்.எஃப். இல்லாத ஜெல்லும் இருக்கிறது. 20 விநாடி தேய்த்து, 40 விநாடி விட்டுக் கழுவ வேண்டும். அரிப்பு எச்.எஃப். அளவு ஆழமில்லை, கையாளுவது நிம்மதி. அதை வாய்க்குள் பயன்படுத்தலாமா என்பதைத் தயாரிப்பாளர் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

லைட் க்யூரா, டூயல் க்யூரா?

லைட் க்யூர் சிமென்ட் ஒளியால் மட்டும் இறுகும், டூயல் க்யூர் ஒளியாலும் தானாகவும் இறுகும். மெல்லிய வெனீருக்கு லைட் க்யூர். அவசரமில்லாமல் உட்கார வைக்கலாம், டூயல் க்யூரில் உள்ள அமீன் பின்னாளில் மஞ்சளாகும் கவலையும் குறைவு. தடித்த ஆன்லே (பல்லின் முகட்டையும் மூடும் இன்லே), ஜிர்கோனியா கிரவுன் போன்ற இடங்களில் ஒளி போதுமான அளவு கீழே போகாது, டூயல் க்யூர். அதையும் தானாக இறுகட்டும் என்று விடாமல் எல்லாப் பக்கமும் லைட் காட்டுங்கள். ஓரத்தில் காற்று பட்ட படலம் இறுகாமல் நிற்கும், கடைசி லைட்டுக்கு முன் கிளிசரின் ஜெல் தடவினால் அதுவும் இறுகும்.

கம்பெனி தாளில் ஒட்டு வலிமை அவ்வளவு மெகாபாஸ்கல்னு போட்டிருக்கே, அப்புறம் ஏன் ரெண்டு வருஷத்துல கழலுது?

அந்த எண் எப்போது அளந்தது என்று பாருங்கள். ஒட்டி 24 மணி நேரத்தில் அளந்திருந்தால், சுத்தம் செய்யாமல் ஒட்டியது கூட நல்ல எண் காட்டலாம். வாயில் எதிரி தண்ணீர். மெல்ல ஊறி இடைமுகத்துக்குப் போய்ச் சிலாக்ஸேன் பிணைப்புகளை ஒவ்வொன்றாகப் பிரிக்கும். ரெசினும் தண்ணீரை உறிஞ்சும். சூடும் குளிரும் மாறும்போது செராமிக்கும் ரெசினும் வேறு வேறு அளவில் விரியும்.

ஆய்வுக்கூடத்தில் இதை நடித்துக் காட்டத்தான் துண்டுகளை 5 டிகிரிக்கும் 55 டிகிரிக்கும் மாற்றி மாற்றி முக்குகிறார்கள். 10,000 சுற்று ஏறத்தாழ ஒரு வருடத்துக்குச் சமம் என்பது 1999-இல் கேல், டார்வெல் இருவரும் வைத்த மதிப்பீடு, அதைத்தான் பலரும் கையாளுகிறார்கள். நீண்ட நாள் தண்ணீரில் வைத்த பிறகும் எண் விழாத முறையைத் தேடுங்கள். முதல் நாள் எண் பெரிதாக இருப்பது எனக்கு ஒரு பொருட்டே இல்லை.

கழன்று வந்துடுச்சு. தப்பு பல் பக்கமா, செராமிக் பக்கமா?

சிமென்ட் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) போட்டுக்கொண்டு, காற்றடித்து உலர்த்தி, நல்ல வெளிச்சத்தில். கிரவுனின் உள்பக்கம் பளிச்சென்று சுத்தமாக இருந்து, சிமென்ட் மொத்தமும் பல்லில் ஒட்டியிருந்தால், செராமிக் பக்கத் தயாரிப்பு தோற்றது. எச்சில் பட்டதா, சிலேன் கெட்டதா, ஜிர்கோனியாவைச் சாண்ட்பிளாஸ்ட் செய்ய மறந்தோமா என்று அங்கே தேடுங்கள். சிமென்ட் கிரவுனோடு வந்து பல் வெறுமையாக இருந்தால் கோளாறு பல் பக்கம்: ஈரம், தற்காலிக சிமென்ட்டின் மிச்சம், டென்டின் (எனாமலுக்கு அடியில் உள்ள அடுக்கு) பாண்டிங். இரண்டிலும் பாதி பாதி இருந்தால் சிமென்ட் நடுவிலேயே கிழிந்திருக்கிறது, அது சரியாக இறுகியதா என்று கேட்க வேண்டும். துடைத்துவிட்டால் இந்தச் சாட்சி போய்விடும், அதனால் முதலில் ஒரு போட்டோ.

கழன்ற அதே கேப்பைத் திரும்ப ஒட்டித் தருவீங்களா?

பெரும்பாலும் முடியும், கேப் உடையாமல் இருந்து, அடியில் பல்லும் நன்றாக இருந்தால். நீங்களே கடைப் பசை வைத்து ஒட்டிக்கொண்டு மட்டும் வராதீர்கள். அதைச் சுரண்டி எடுப்பதில் பொருத்தமே போய்விடும். ஈரத் துணியில் சுற்றாமல், சின்ன டப்பாவில் போட்டு எடுத்து வாருங்கள்.

டாக்டர்களுக்கு: ஜிர்கோனியா என்றால் வேலை எளிது. பழைய சிமென்ட்டைச் சாண்ட்பிளாஸ்ட்டிலேயே நீக்கி, எம்.டி.பி.யிலிருந்து தொடங்கலாம். கண்ணாடி செராமிக்கில் அந்தக் குறுக்குவழி இல்லை. பெரிய சிமென்ட் துண்டுகளைப் பொறுமையாக எடுத்து, மீதியை லேப் உலையில் மெதுவாக எரித்துப் போக்கக் கேட்கலாம். அதன் பிறகு எச்.எஃப்.பிலிருந்து எல்லாப் படியும் மறுபடி. பல் பக்கம் ஒட்டியிருக்கும் பழைய சிமென்ட்டையும் எடுத்துவிட்டு, சிமென்ட் வைப்பதற்கு முன் கேப்பை வெறுமனே ஒரு முறை உட்கார வைத்துப் பாருங்கள். முன்பு உட்கார்ந்த ஆழத்துக்கு இறங்கவில்லை என்றால் எங்கேயோ ஒரு துணுக்கு மிச்சம் இருக்கிறது.